தட்டினால் கேட்கும் பிள்ளை

(இளம் அறிவியல், விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

சிலம்பம் வீரனுக்கு, இசை கலைஞனுக்கு என்று நாம் பாகம் பிரித்து வைத்துவிட்டோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ இரண்டிலும் பங்கில்லை!

என் சித்தி மகனுக்கு ஒன்பது வயது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், மருத்துவர் தந்த தாளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஆட்டிசம் என்ற சொல்லை எங்கள் வீடு அன்றுதான் கேட்டது. கோயில் திருவிழாவில் பறை முழங்கினால் தம்பி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அன்றிரவே அதே அடியைத் தகரப்பெட்டியின் மேல் விரலால் பிசகாமல் தட்டுவான்.

சென்ற கோடையில் அவனைச் சிலம்பக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். "சொன்னால் கேட்கிற பிள்ளையாக இருந்தால் கொண்டுவாப்பா" என்று ஆசான் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சொன்னால் கேட்காதவன் தட்டினால் கேட்கிறானே! முற்றத்தில் நான் தகரப்பெட்டியை மெல்லத் தட்ட, அவன் அடி எடுத்து வைத்தான். கட்டளைச் சொல் அவனுக்குத் திடீரென்று வருகிறது. தாளமோ அடுத்த அடி எப்போது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மூன்று மாதத்தில் நான்கு காலடி வந்திருக்கிறது. கம்பை இன்னும் கொடுக்கவில்லை.

இது என் கற்பனை மட்டுமன்று. ஈரானில் ஆட்டிசம் உள்ள 30 குழந்தைகளை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஆய்வில், 14 வாரம் கராத்தே அடவுகள் பயின்றவர்களிடம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தது. அதில் இசை இல்லை. இசையும் சேர்ந்தால் எப்படி என்பதற்கு பிரேசிலின் காப்போயிராவைப் பார்க்கலாம். அங்கே பெரிம்பாவ் என்னும் ஒற்றைத் தந்தி வில்தான் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இசையே அங்கு ஆசான்!

ஆட்டிசம் இதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது தீர்க்க வேண்டிய நோயுமன்று. பெருஞ்சத்தம் தாங்காத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் பறை வேண்டாம், கைத்தட்டு போதும்.

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். நம் கல்லூரி மைதானமோ சனிக்கிழமை மாலைகளில் வெறிச்சோடிக் கிடக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் ஐயா ஒரு மணி நேரம் தந்தால் போதும். நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள் நால்வர் வந்தால் பிள்ளைக்கு ஒருவராக நிற்கலாம். தகரப்பெட்டியை நான் கொண்டுவருகிறேன், தம்பியையும்.