வினாவும் விநயமும்

வினவுதல் எளிய செயலன்று. பிறரை வினவுகின்றவன் அவரிடமிருந்து விடை ஒன்றைப் பெற விரும்புகின்றான். ஆகலின் இரப்போனுக்கு வேண்டும் பணிவு அவனுக்கும் வேண்டும். இவ்வுண்மையைத் தன் இலக்கணத்திலேயே அமைத்துக்கொண்ட பாஷைகளுள் கொரிய பாஷையும் ஒன்று.

அப்பாஷையின் வினைச்சொல் இடமும் பாலும் காட்டுவதில்லை; பேசுவோர்க்கும் எதிரிருப்பவர்க்கும் உள்ள உறவையே காட்டுகின்றது. சிறுவனையோ உற்ற தோழனையோ ‘போகிறாயா’ எனக் கேட்பின் ‘கானி’ என்பர். மரியாதையோடு ‘காயோ’ என்பர். சபையிலும் காரியாலயத்திலும் ‘காம்னிக்கா’ என்பர். போகிறவர் பெரியவராயின் ‘ஷி’ என்னும் இடைநிலை புகுந்து ‘காஷிம்னிக்கா’ என்றாகும்.

ஈண்டு இருவகை மரியாதை உண்டென்பதை மாணாக்கர் கருதுதல் வேண்டும். இடைநிலை, வினை செய்வோர்க்கு உரியது. விகுதி, எதிரிருப்பவர்க்கு உரியது. ‘பாட்டனார் வந்தாரா’ எனக் குழந்தையைக் கேட்பவர் ‘ஒஷொன்னி’ என்பர்; மரியாதை பாட்டனார்க்கு மட்டுமே. ‘தம்பி வந்தானா’ என ஆசிரியரைக் கேட்பவர் ‘வாஸ்ஸும்னிக்கா’ என்பர். மரியாதை ஆசிரியர்க்கு மட்டுமே. நமது ஏட்டுத் தமிழில் ‘வந்தாரா’ என்பது எவரைக் கேட்பினும் ஒன்றே. ஆயினும் கொங்குநாட்டார் ‘வந்தாருங்களா’ என்னும்போது, அந்த ‘ங்க’ எதிரிருப்பவர்க்குச் செய்யும் மரியாதையன்றோ?

நிற்க. இவ்விகுதிகள் ஏற்றத்தாழ்வை வளர்க்கும் தளைகள் எனச் சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லையெனல் ஆகாது. மரியாதை விகுதியின்றிப் பேசுவதற்குக் கொரியர் ‘பான்மால்’, அதாவது பாதிப்பேச்சு, எனப் பெயரிட்டுள்ளனர். முன்பின் அறியாத கடைச் சிப்பந்தியை, வயதில் இளையவர் என்பது ஒன்றே பற்றி, வாடிக்கைக்காரர் பாதிப்பேச்சால் வினவுவதும், அவர் மனம் புண்படுவதும் அந்நாட்டில் உண்டு. ஆயின் குற்றம் விகுதியினது அன்று, அதனைக் கொடாதவரது. மரியாதை கீழிருப்போர் மேலிருப்போர்க்குச் செலுத்தும் வரியாக மட்டும் நிற்குமாயின் அதன் பெயர் அச்சம். மேலிருப்பவர் தாமே முன்வந்து ‘யோ’ என்னும் ஓரெழுத்தைக் கூட்டி வினவுவாராயின் அதுவே பண்பு.

ஆதலின், கொரிய பாஷை பயில்வோர் ‘யோ’வையே முதற்பாடமாகக் கொள்க. பாதிப்பேச்சு, நட்பு முதிர்ந்தபின் இருவரும் இசைந்து கைக்கொள்ளற்பாலது. அப்பாஷையைப் பயிலாதார்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விடுதியில் நமக்குப் பரிமாறுபவரையும், வாயிலில் காவல் நிற்பவரையும் நாம் எவ்விகுதி கொண்டு வினவுகின்றோம்? நம்மினும் மூத்த அவர்களை ‘வந்தாயா’ என்போமாயின், கற்ற இலக்கணத்தால் பயன் என்னை? விடை தருபவர் எந்நிலையினராயினும் தருபவரே. பெறுபவர் பணிதலே முறை என்பது எமது துணிபு.