ஒரு வீட்டை இடித்தால் மூன்று வீடுகள் சுடும்

சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் இன்னும் சில பழைய தெருக்கள் எஞ்சியுள்ளன. குறுகிய முகப்பு, நீண்ட மனை, தெருவை ஒட்டித் திண்ணை, நடுவே முற்றம், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் என்பதே அங்குள்ள வீடுகளின் அமைப்பு. இவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுகின்றன. “குடும்பங்கள் பெருகிவிட்டன, வேறு வழியில்லை” என்பார்கள் பெரியவர்கள். வழி உண்டு என்பதே என் கருத்து. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

6 மீட்டர் அகலமும் 18 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது தனித்து நின்றால், வெளியே தெரியும் சுவரின் நீளம் 48 மீட்டர். இரு பக்கமும் வீடுகள் ஒட்டி நின்றாலோ முன்னும் பின்னும் சேர்த்து 12 மீட்டர்தான். அதாவது நான்கில் ஒரு பங்கு! மற்ற சுவர்களில் வெயில் படுவதே இல்லை.

இப்போது நடுவில் உள்ள வீட்டை இடித்து, புதிய கட்டடத்தை இருபுறமும் தள்ளிக் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். அதன் சுவர்கள் மட்டுமா வெயிலில் காயும்? அண்டை வீடுகள் இரண்டிலும் இதுவரை மறைந்திருந்த 18 மீட்டர் சுவர் வெயிலுக்கும் மழைக்கும் இலக்காகிவிடும். இடித்தவர் ஒருவர், புழுங்குபவர்களோ மூன்று குடும்பத்தார்.

அடுத்தது முற்றம். மூன்று மீட்டர் சதுரமான முற்றம் இந்த மனையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். சூடேறிய காற்று இலேசாகி அதன் வழியே மேலெழுந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழிறங்குகிறது. நடு அறைகளுக்கு வெளிச்சமும் அங்கிருந்தே கிடைக்கிறது. அதை அடைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டி வைத்தால், அது அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டும்!

தண்ணீரையும் பாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. முற்றம் நீங்கலாக உள்ள சுமார் 100 சதுர மீட்டர் கூரையில் விழுவது 1,40,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,12,000 லிட்டர் எஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால், ஐந்து பேருக்கு ஐந்தரை மாதத் தேவை அது! தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய இந்நகரம், 2019-இல் குடிநீருக்குத் தவித்தது. நீர் இறங்க மண் வேண்டுமல்லவா?

அப்படியானால் பழைய வீட்டை அப்படியே வைத்திருக்க வேண்டுமா? இல்லை. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இன்று மூன்று குடும்பங்களுக்கு வீடு வேண்டும். அதே மனையில் மூன்று தளங்கள் எழுப்பலாம். பக்கச் சுவர்கள் ஒட்டியே இருக்கட்டும். முற்றம் மூன்று தளங்களையும் ஊடுருவி வானம் வரை செல்லட்டும். வெயில் படும் முன், பின் சுவர்களுக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கையாண்ட ‘எலிப்பொறிக் கட்டு’ ஏற்றது. செங்கற்களை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் இம்முறையில் கால் பங்கு செங்கல் மிச்சம். வெப்பமும் எளிதில் உள்ளே வராது. இடித்த வீட்டின் நல்ல செங்கலையும் தேக்கு மரத்தையும் மீண்டும் பயன்படுத்தலாம்.

இதில் சிரமமும் உண்டு. விற்கக்கூடிய இடம் குறையும். சுவர் பற்றி அண்டை வீட்டாரோடு கலந்து பேச வேண்டும். ஆனால் தெரு முழுவதும் சுடுவதைவிட இந்தச் சிரமம் பெரிதா?

என் சொல்லை நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். கோடையில் ஒரு வாரம், பிற்பகல் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும், ஒட்டிய சுவருள்ள அறையிலும் வெயில் படும் சுவருள்ள அறையிலும் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். உங்கள் தெருவில் அடுத்த வீட்டை இடிக்கும் பேச்சு எழும்போது, அந்த அட்டவணையைப் பெரியவர்கள் முன் வையுங்கள்.