நாளைய ஞாலத்தில் எவர் நாவுக்கு இடம்?

அறிவியல் புனைவு என்பது நாளைய ஞாலத்தின் முன்வரைவு. அதில் எவ்வினம் நடமாடுகின்றதோ அவ்வினமே வாழும் என்றும், எம்மொழி ஒலிக்கின்றதோ அம்மொழியே நிலைக்கும் என்றும் இளம்பிள்ளைகள் நம்பிவிடுகின்றனர். சிறார் விரும்பிப் பார்க்கும் அசைவூட்டப் படங்களில் இத்தாக்கம் இன்னும் மிகுதி. அத்தகைய படங்களில் எல்லா இனத்தார்க்கும் இடம் வேண்டும் என்னும் குரல் அமெரிக்காவில் எழுந்துள்ளது. அது முறையான குரலே. ஆயின், அவ்விடம் முகத்தளவில் நின்றாற் போதுமா? நாவுக்கும் இடம் வேண்டாவா?

2018-இல் வெளிவந்த ‘இசுபைடர்மேன்: இன்டு தி இசுபைடர்வெர்சு’ என்னும் படத்தில், கருப்பினத் தந்தைக்கும் புவேர்த்தோ இரிக்கோ வழித் தாய்க்கும் பிறந்த மைல்சு என்னும் சிறுவனே தலைவன். தாய் அவனோடு இசுபானியத்தில் பேசுகின்றாள். அதற்கு ஆங்கில எழுத்துரை திரையில் இடப்படவில்லை. எம் வீட்டில் எம் மொழி. விளங்காதவர் கற்றுக்கொள்க என்னும் நிமிர்வு அது!

அதன் தொடர்ச்சி 2023-இல் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கும் வந்தது. அதில் இந்தியாவின் பேராளனாக வருபவன் பவித்திர் பிரபாகர். அவன் ஊர், மும்பையையும் மன்காட்டனையும் ஒட்டுப்போட்ட ‘மும்பாட்டன்’. ‘சாய்’ என்றாலே தேநீர்தான். ‘சாய் டீ’ என்பது கூறியது கூறல் என்று ஆங்கில மூலத்தில் அவன் மைல்சை எள்ளுகின்றான். எள்ளல் பொருத்தமே. ஆனால், கடல்வழி வந்த ‘தே’ என்னும் பெயரோடு தன் ‘நீர்’ என்னும் சொல்லைக் கூட்டித் ‘தேநீர்’ என்று ஆக்கிக்கொண்ட தமிழன் அங்கு எங்கே? பல தேசிய இனங்கள் வாழும் நிலப்பரப்பிற்கு ஒரு முகம், ஒரு நகர், ஒரு சொல்! வெள்ளையர் ஒருமைக்கு மாற்றாக வடவர் ஒருமையை வைத்துவிட்டு, அதனைப் பன்மை என்பது எவ்வகையில் முறையாகும்?

இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, திசுனி நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ‘இலீலோவும் இசுடிச்சும்’ என்னும் படம். விண்ணிலிருந்து வந்து விழும் செயற்கையுயிர் ஒன்று, அவாய்த் தீவுக்கூட்டத்துக் கவாய்த் தீவில் தாய்தந்தையற்ற ஒரு சிறுமியிடம் வளர்கின்றது. குடும்பம் என்று பொருள்படும் ‘ஒகானா’ என்னும் அவாய்ச் சொல்லே கதையின் உயிர்நாடி. அச்சிறு மொழியின் சொல்லொன்றை ஞாலத்துப் பிள்ளைகள் பலர் அப்படத்தால் அறிந்தனர்.

எனினும், அம்மொழியைக் காத்தது அப்படமன்று. 1893-இல் அமெரிக்க வணிகரும் பண்ணையாரும் அவாய் அரசியை வீழ்த்தினர். 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி எனச் சட்டம் வந்தது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடிக்கப்பட்டனர். மூன்று தலைமுறைக்குள் அதனைப் பேசும் சிறார் அருகிப்போயினர். மக்கள் விழித்தெழுந்தபின், 1978-இல் அது ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1984-இல், கதை நிகழும் அதே கவாய்த் தீவில், முற்றிலும் தாய்மொழியில் நடக்கும் முதல் மழலையர் பள்ளியைப் பெற்றோரும் ஆசிரியரும் திறந்தனர். 1986-இல்தான் பழைய தடைச்சட்டம் நீங்கியது. தடை நீங்கட்டும் என அவர்கள் காத்திருக்கவில்லை என்பதை ஓர்க!

தமிழர்க்கு இதிற் பாடம் உண்டு. பிறர் வரையும் படத்தில் நமக்கும் ஓர் இருக்கை கேட்டு நிற்பது இரப்பேயன்றி உரிமையாகாது. விண்கலம், கோள், ஈர்ப்பு, மின்னணு என்னும் சொற்கள் நம்மிடம் உள. கதை புனைவோரும் ஓவியரும் கணிப்பொறி வல்லாரும் நம்மிடையே உளர். அவர்கள் ஒன்றுகூடிப் பத்து நிமையக் குறும்படம் ஒன்றையேனும் நற்றமிழில் ஆக்கட்டும். அதனைக் கண்டு மகிழும் பிள்ளைகளை, வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் பேசி நாம் வளர்த்தாதல் வேண்டும். வீட்டில் ஒலியாத மொழிக்கு விண்ணில் இடம் ஏது?

நாளைய ஞாலத்தை இன்றே தமிழில் வரைவோம்!