தனிக் கச்சேரி யாருக்குத் தனி?

எங்க சித்தப்பாவுக்கு மிருதங்கத்துக்குத் தோல் கட்டுறது தொழில். தோல் வாங்கி ஊறப்போட்டு, மயிர் நீக்கி, மூட்டுப் பின்னி, வார் இழுத்து, சோற்றையும் கல்பொடியையும் குழைச்சு நடுவில் கறுப்பு வட்டம் வைப்பார். சுருதி சேரலேன்னா ஆழ்வார்திருநகரியிலிருந்தும் ஏரலிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்துக்கு அவரைத் தேடி ஆள் வரும். தெருவுக்குள்ள வராது. முக்குல நின்னுக்கிட்டு ஒரு பையனை அனுப்பும்.

2022 பங்குனியில் ஊர் மண்டபம் ஒன்றில் மூன்று நாள் தொடர் தனிக் கச்சேரி. பாடியவர் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் கட்டி முப்பது வருஷமாகப் பேரெடுத்தவர். இப்போ வேஷம் கட்டுறதில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, நாடகப் பாட்டுகளை மட்டும் பாடுகிறார். மூன்றாம் நாள் மத்தியானம் மிருதங்கத்தில் வார் அறுந்துபோச்சு. சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால், கைகழுவுகிற குழாய்ப் பக்கம் சாக்கை விரித்து உட்கார வைத்தார்கள். மூணு மணி நேர வேலை. நடுவில் டீ வந்தது. மிருதங்கம் வாசிக்கிறவருக்கு எவர்சில்வர் டம்ளர். சித்தப்பாவுக்கும் எனக்கும் பேப்பர் கப். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பேப்பர் கப்புக்கு வந்திருக்கிறோம். முன்னேற்றம்தான்.

அன்னைக்கு ராத்திரி அந்த ராஜபார்ட் நந்தனார் பாட்டுகளை எடுத்தார். நாற்பது நிமிஷம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷங்க துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் நன்றியுரை. ஆர்மோனியம், மிருதங்கம், கடம், மைக் செட், பந்தல், மாலை கொடுத்த பூக்கடை என்று எல்லாப் பேரும் வந்தது. வார் பிடித்தவர் பேர் வரவில்லை.

திரும்பி நடக்கும்போது சித்தப்பா கேட்டார்: "ஏய்யா, நீ தமிழ் படிச்சவன்லா. அந்த நந்தன் என்ன வேல செஞ்சாராம்?"

"நம்ம வேலதான் சித்தப்பா."

அவர் நின்றுவிட்டார். "நெசமாவா சொல்லுத?"

நெசம்தான். சேக்கிழார் பெரிய புராணத்தில் வெட்ட வெளிச்சமாகச் சொல்கிறார். ஆதனூர் நந்தன் கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவர். கோயிலுக்குள்ளே எழுந்த இசையெல்லாம் அவர் கையைத் தொட்டுத்தான் எழுந்தது. அவர் மட்டும் வெளியே நின்றார். இதை நான் எம்.ஏ. படித்தபோது வகுப்பில் யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. 'பக்திக்குச் சாதி இல்லை என்பதை நிறுவுக' என்று கேள்வி வந்தது. நானும் நிறுவினேன். பதினாறு மார்க் கிடைத்தது. அந்தப் பதினாறு மார்க்கை இன்னைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன்.

இந்தத் 'தனிக் கச்சேரி' என்கிற சங்கதியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நம்ம தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் எழுதிய நாடகங்களை வைத்துத்தான் ஸ்பெஷல் நாடகம் இன்றைக்கும் நடக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. ஆளுக்காள் தனித்தனியாகத் தேதி கொடுத்து, மேடையில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். இருந்தும் அது நாடகம். எதிரே ஒரு ஆள் நிற்பான். எதிர்க் கேள்வி வரும். அரிச்சந்திரன் எவ்வளவு பெரிய ராஜாவானாலும் மயான காண்டத்தில் சுடுகாட்டுக்காரன் வீரபாகுவுக்கு அடிமையாக நிற்கத்தான் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, ராஜா வேஷக்காரன் ஒரு வெட்டியான் முன்னால் கைகட்டி நிற்பதை ஊரே பார்க்கும். நாடகத்தில் அந்த ஒரு காரியம் இருந்தது.

கச்சேரியில் அந்த எதிராள் கிடையாது. ராஜபார்ட் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். வீரபாகு வீட்டுக்குப் போய்விட்டான். பாட்டு இருக்கிறது, பாட்டு பிறந்த சண்டை இல்லை.

இதற்குப் பெரிய உதாரணம் கே.பி. சுந்தராம்பாள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மரியாதைதான். கொடுமுடியில் 1908இல் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகச் சொல்லப்படுகிற பெண். செங்கோட்டை கிட்டப்பாவும் அவரும் ஜோடி சேர்ந்த மேடையைப் பற்றி எங்க ஆச்சி காலத்து ஆட்கள் வாயூறப் பேசுவார்கள். கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் செத்துப்போனார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டார். வேறொரு ஆணோடு ஜோடியாக நடிக்கமாட்டேன் என்று நாடகத்தை விட்டார். அதற்கப்புறம் கோயில் திருவிழா, காங்கிரஸ் கூட்டம், சபா என்று கச்சேரி மேடைதான் அவருக்கு வீடு. ஒற்றைப் பெண், ஒற்றைக் குரல், ஆயிரக்கணக்கில் கூட்டம். இருபத்தஞ்சு வயதில் தாலியறுத்தவள் மூலையில் உட்காரணும் என்று சொன்ன சமூகத்தில் அது சின்னக் கலகம் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1935இல் அந்தக் குரல் 'நந்தனார்' சினிமாவுக்குப் போனது. ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். நாடே வாயைப் பிளந்தது. பெண் ஆண் வேஷம் கட்டி நந்தனாக நின்றார். வேதியர் வேஷத்துக்கு மகாராஜபுரம் விசுவநாதய்யர் என்கிற பெரிய சங்கீத வித்துவான் வந்தார். கவனியுங்கள் தோழர்களே, வேதியர் வேஷத்துக்கு ஐயரே கிடைத்தார். நந்தன் வேஷத்துக்கு நம்ம ஆள் ஒருத்தரும் அகப்படவில்லை. பெண்ணை ஆணாக்க முடிந்த கலைக்கு, பறையனைப் பறையனாக நிறுத்த முடியவில்லை. 1942இல் ஜெமினி மறுபடியும் எடுத்தபோது தண்டபாணி தேசிகர் நந்தன். அப்போதும் அதே கதை.

நந்தன் திரையில் சிதம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1935இல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்ம ஆட்கள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது 1939 ஜூலை 8. அந்த நாலு வருஷம் நம்மைச் சார்பாக உள்ளே அனுப்பியது ஒரு பிலிம் சுருள். அந்தக் காலத்து நாடக நோட்டீசுகளில் பஞ்சமருக்கு இடமில்லை என்று அச்சடித்திருந்ததும் எழுதப்பட்ட சரித்திரம்தான். நந்தன் பாட்டைக் கேட்க நந்தனுக்கு டிக்கெட் கிடையாது.

அடுத்து, எந்தப் பாட்டு கச்சேரிக்கு வந்தது, எது வரவில்லை என்று பார்க்கணும். கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை 1860களின் தொடக்கத்தில் அச்சுக்குக் கொண்டுவந்தார். சேக்கிழாரில் இல்லாத ஒரு ஆளை அதில் அவர் சேர்த்தார்: பண்ணையார் வேதியர். சிதம்பரம் போகணும் என்று கேட்ட நந்தனிடம் நாற்பது வேலி நிலத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிறவர். தஞ்சாவூர்ப் பண்ணையடிமை முறை முழுசும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேலே. ஒரு பார்ப்பனக் கவி தன்னையறியாமல் எழுதிவைத்த குற்றப்பத்திரிகை அது.

கச்சேரிக்காரர்கள் என்ன செய்தார்கள்? கெஞ்சுகிற பாட்டை எடுத்துக்கொண்டார்கள். நந்தியை விலகச் சொல்கிற பாட்டை, உள்ளே வரலாமா என்று கேட்கிற பாட்டை எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வேலி கழன்றுபோனது. பண்ணையார் கழன்றுபோனார். மிஞ்சியது உருக்கம். அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம், காலையில் பண்ணைக்காரனைக் கூப்பிட்டு வாழைக்கு மண் அணைக்கச் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரு முரண்பாடும் இல்லை.

நெருப்பில் இறங்கிப் பூணூலோடு எழுந்தார் என்கிற முடிவையும் நாம் ஏற்றுக்கொண்டதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னனாக எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய 'நந்தன் கதை' நாடகத்தில் அது திட்டமிட்ட கொலை. நாடகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. கச்சேரியில் முடியாது, ஏனென்றால் அங்கே கேட்கிறதுக்கு ஆளே இல்லை.

"கலையில சாதி பாக்காதீய தம்பி" என்று எங்க ஊர் ரசிகர் ஒருத்தர் எனக்குப் புத்தி சொன்னார். நான் பார்க்கவில்லை அண்ணாச்சி, அது என்னைப் பார்க்கிறது. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் புத்தகம் எழுதினார். பசுத்தோல் எங்கிருந்து வருகிறது, யார் கை அதைத் தொடுகிறது என்று எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப எடுத்துக்கொண்டது. மிருதங்கம் மேடையில் இருக்கலாம். அதன் தோலைப் பற்றிய பேச்சு மேடை ஏறக்கூடாது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டவர்கள் எந்த மொழியில் பாடுவது என்று சண்டை போட்டார்கள். நல்ல சண்டை. யாருடைய தோல், யாருடைய கை என்று அவர்களும் கேட்கவில்லை. பறை அந்த மேடைக்கும் வெளியேதான் நின்றது.

ஆகையால் நான் சொல்கிறேன்: தனிக் கச்சேரி என்று ஒன்று கிடையாது. ஒற்றை ஆள் பாடுவதாக நீங்கள் பார்க்கிற மேடைக்குப் பின்னால், குழாயடியில் சாக்கு விரித்து ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து போய்விட்டால் தாளம் கிடையாது. அவரை மறைத்துவிட்டுத்தான் அது 'தனி' ஆகிறது.

நட்சத்திரங்கள் பாடட்டும். மூணு நாள் இல்லை, முப்பது நாள் பாடட்டும். பாடுகிறவர்களிடம் இரண்டு கேட்கிறோம். நந்தனைப் பாடினால் நாற்பது வேலியையும் சேர்த்துப் பாடுங்கள். பூக்கடைக்காரர் பேர் போடுகிற நோட்டீசில் தோல் கட்டியவர் பேரையும் போடுங்கள்.

போன வருஷம் அதே மண்டபத்திலிருந்து பையன் வந்து முக்கில் நின்றான். சித்தப்பா போகவில்லை. "நோட்டீசுல எம் பேரு இருக்கான்னு பாத்துட்டு வாலே" என்று சொல்லி அனுப்பினார். பையன் திரும்பி வரவில்லை. திருநெல்வேலி டவுனிலிருந்து வேற ஆளைக் கொண்டுவந்து வார் பிடித்ததாகக் கேள்வி. சித்தப்பாவுக்கு எழுநூறு ரூபாய் நட்டம். இந்த வருஷமும் கேட்டு அனுப்புவார்கள். இந்த வருஷமும் அவர் அதையேதான் சொல்லப்போகிறார்.