மீனவனுக்கு ஏது வம்ச வரலாறு என்று கேட்பவர்களுக்கு

 

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரின் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போய்க் குடியேறிய குடும்பமாம். பெயர், பிறந்த தேதி, வந்த வழி எல்லாம் அதில் இருக்கிறது. கீழே நம் ஊர்க்காரர் ஒருவரின் கருத்து: "பழவேற்காட்டு மீனவனுக்கு இப்படி ஏதாவது உண்டா? தாத்தா பேருக்கு மேலே தெரியாது." அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் பாதிப்பேர் ஏரிக்கரைப் பிள்ளைகள்!

வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சும்மா விட முடியவில்லை.

அந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு வரலாறு எப்படிக் கிடைத்தது? 1862-இல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் வரை நிலம். விண்ணப்பம், சாட்சி வாக்குமூலம், பட்டா என்று எல்லாவற்றுக்கும் காகிதம். பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கோப்புகளைப் புரட்டி எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதே மண்ணில் அதற்கு முன்பே வாழ்ந்த பூர்வகுடிகள் எங்கே? அரசு யாருக்கு நிலம் கொடுத்ததோ அவர்களைத்தான் எழுதி வைத்தது.

நம் ஊரைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கல்லறைகளில் பெயரும் தேதியும் கல்லில் இருக்கின்றன. தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. காக்கட்டும். ஆனால் பஞ்ச காலத்தில் இதே கரையிலிருந்து அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஜனங்களுக்கு எந்தக் கல்வெட்டு இருக்கிறது?

நிலத்துக்குப் பட்டா உண்டு. தண்ணீருக்குக் கிடையாது. அதனால் மீனவன் காகிதத்தில் ஏறவில்லை. அதற்காக அவனுக்கு வரலாறே இல்லை என்று ஆகிவிடுமா?

பாடு முறையை மறந்துவிட்டீர்களா? ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அந்தப் பங்கு தலைக்கட்டு வழியாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அங்கே வலை இறக்க முடியாது. இது வம்சாவளி இல்லாமல் வேறென்ன?

குறையையும் சொல்கிறேன். அந்தப் பட்டியல் ஆண்களின் பட்டியல். மீனைத் தலையில் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்களின் பெயர் அதில் இல்லை. பறியை வாயில் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் இல்லை. அமெரிக்காவைக் குறை சொல்லிவிட்டு நாமும் அதே தவறைச் செய்யக்கூடாது.

இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. ராக்கெட் ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாத் தீவை அரசு எடுத்துக்கொண்டபோது, வெளியேறிய மீனவக் குடும்பங்களில் சில நம் பக்கம் வந்து குடியேறின. அந்தக் கிழவர்கள் போய்விட்டால் அந்த ஊர்களின் பெயரும் போய்விடும். இப்போது காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நம் ஜனங்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு ஓர் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள்? ஆதாரம் எங்கே?" என்று கேட்பார். "தாத்தா பேருக்கு மேலே தெரியாது" என்றா சொல்லப்போகிறீர்கள்?

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். உங்கள் ஆயாவிடம் உட்காருங்கள். அவருடைய அம்மா பெயர், பிறந்த குப்பம், எந்தப் புயலில் எந்த வீடு போனது, யாருக்கு எந்தப் பாடு என்று கேட்டு எழுதுங்கள். ஒரு நகலை ஊர்ப் பஞ்சாயத்தில் வையுங்கள். பள்ளியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, இதையே வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

சிரித்த தம்பிகளுக்குச் சொல்கிறேன்: உங்கள் வீட்டு வரலாறு திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வயது எண்பதுக்கு மேல். சீக்கிரம் போங்கள்.