ஒத்தடமும் தங்கத் துகளும்



உடம்பில் எங்காவது கட்டி தோன்றினால், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். "வெளிநாட்டில் புற்றுநோய்க் கட்டியைத் தங்கத்தால் சூடேற்றி அழிக்கிறார்களாமே! அப்படியானால் ஒத்தடமும் தங்க பஸ்பமும் போதாதா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஆகவே இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

புற்றுநோய் உயிரணுக்களைக் கடும் சூடு கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் சூட்டுக்கு நல்ல சதை, கெட்ட சதை என்ற பேதம் தெரியாது. கட்டி எங்கே இருக்கிறது என்று சரியாகப் பார்க்கவும் வேண்டும். அந்த இடத்தை மட்டும் சுடவும் வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சிலிக்கா என்னும் கண்ணாடி போன்ற பொருளால் ஆன நுண்ணிய மணிக்கு மெல்லிய தங்க முலாம் பூசினார்கள். ஒரு துகளின் குறுக்களவு ஏறத்தாழ 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்!

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். மறுபுறம் சிவப்பாகத் தெரியும். சிவப்பு ஒளி சதைக்குள் ஊடுருவும் என்பதற்கு அது சாட்சி. சிவப்பையும் தாண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். தங்கப் பூச்சின் கனத்தைச் சரியாக அமைத்தால், துகள் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு சூடேறும். கட்டிக்குள் ஓடும் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் கசிவு உள்ளவை. துகள்கள் அவற்றின் வழியே கசிந்து கட்டியில் தங்குகின்றன.

2003-ல் எலிகளிடம் இம்முறை பலன் தந்தது. 2005-ல், ஒரே துகள் ஒளியைச் சிதறச் செய்து நோயணுவைக் காட்டவும், சூடேறி அதையே கொல்லவும் முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். விளக்கும் அதுவே, அடுப்பும் அதுவே!

மனிதருக்கு? நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் 16 ஆண்களுக்குச் செய்து பார்த்த சோதனையின் முடிவு 2019-ல் வெளிவந்தது. புரோஸ்டேட் சுரப்பியில் புற்று வந்து, சுரப்பியை விட்டு வெளியே பரவாதவர்கள் அவர்கள். துகள்களை இரத்தத்தில் ஏற்றி, மறுநாள் எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் படங்களின் துணையோடு லேசர் இழையைக் கட்டிக்குள் செலுத்தினார்கள். 15 பேருக்குச் சிகிச்சை நிறைவேறியது. ஓராண்டுக்குப் பின், சுட்ட இடத்துச் சதையைச் சோதித்ததில் 15 பேரில் 13 பேருக்கு அங்கே புற்று இல்லை. கவனியுங்கள்: இங்கே கட்டியைக் காட்டியவை கருவிகள், துகளின் வேலை சூடு மட்டுமே. இரண்டு வேலையையும் ஒரே துகள் செய்வது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

இப்போது வாசகியின் கேள்விக்கு வருவோம். ஒத்தடம் தோலைச் சுடும், கட்டியைக் கண்டுபிடிக்காது. பஸ்பத்தில் உள்ள தங்கம் அளவு பார்த்து அமைத்த இந்தத் துகள் அன்று; அதைச் சூடேற்ற லேசரும் அங்கே இல்லை. இரண்டையும் நம்பிக் காத்திருந்தால் நாட்கள்தான் போகும். உடலெங்கும் பரவிவிட்ட நோயை லேசர் ஒளியும் துரத்திப் பிடிக்க முடியாது.

சகோதரிகளே, மார்பில் கட்டி தென்பட்டால், "வலிக்கவில்லையே" என்று சும்மா இருக்காதீர்கள். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கணவன்மார்களே, மனைவி சொல்லக் கூச்சப்படலாம். நீங்களே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒத்தடம் சுளுக்குக்கு இருக்கட்டும். கட்டிக்கு முதலில் டாக்டர்!