குடியிருப்புப் புதுப்பிப்பும் மருத்துவர் பணிவாழ்வும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

திருவனந்தபுரத்தில் தொழில் செய்யும் தமிழ் மருத்துவர்களும், சாலைக் கடைத்தெரு வியாபாரிகளும், கரமனை, வலியசாலை, செங்கல்சூளைக் குடியிருப்பாளர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். நகரின் பழைய, எளிய பகுதிகளைப் புதுப்பிக்கும் எந்தத் திட்டமானாலும் அங்கே இப்போது வசிப்பவர்களுக்கு அதே மண்ணில் வீடு உறுதியாக வேண்டும். அங்கே ஒரு மருத்துவர் தங்கித் தொழில் செய்ய இடம் வேண்டும். அப்படித் தங்குவதால் அவருடைய மேற்படிப்பும் பதவி உயர்வும் கெட்டுப்போகாது என்ற உறுதியும் வேண்டும். இவற்றில் ஒன்றைக் கொடுத்து மற்றவற்றை மறுத்தால் எதுவுமே நிற்காது என்பது எங்கள் கருத்து.

சாலைக் கடைத்தெருவை எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் நிறுவிய கடைத்தெரு அது. எழுத்தாளர் ஆ. மாதவன் தன் கதைகளில் வாழவைத்த தெருவும் அதுதான். விடியும் முன்பே தமிழ்நாட்டுக் காய்கறி லாரிகள் வந்து நிற்கும். மூட்டை இறக்குகிறவர்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் பலர். கடைக்கு மேல் மாடியில், மரப்படி ஏறிப் போகும் ஒற்றை அறையில் டாக்டர் இருந்தால், இரண்டு லாரிக்கு நடுவே தோளில் துண்டோடு ஏறிப்போய் அழுத்தம் பார்த்து, மாத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதே டாக்டர் பைபாஸ் ஓரத்து மருத்துவமனைக்குப் போய்விட்டால் அரைநாள் கூலி போய்விடும். கூலி போகும் என்றால் மாத்திரை நின்றுவிடும். அடுத்த முறை அவர்களை மருத்துவர் பார்ப்பது பக்கவாதத்தோடு, மெடிக்கல் காலேஜ் அவசரப் பிரிவில்.

2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் மூன்றாம் சுற்றுப் பட்டியலில் திருவனந்தபுரம் முதலிடத்தில் வந்தது. புதுப்பிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தம்பானூரில் மழை வந்தால் தண்ணீர் ஏறுவதை அறிவோம். 2024 ஜூலையில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஆமையிழஞ்சான் ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி உயிரோடு திரும்பவில்லை. வடிகாலும் கழிவறையும் நல்ல பாதையும் இந்த மக்களுக்குத்தான் முதலில் வேண்டும். ஆனால் பாதை சீரானதும் வாடகை ஏறுகிறது. வாடகை ஏறினால் முதலில் காலியாவது தையற்கடை, பலசரக்குக் கடை, குறைந்த கட்டணம் வாங்கும் கிளினிக். 1964இல் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் லண்டன் தொழிலாளர் பகுதிகளில் கண்டெழுதியதும் இதைத்தான்: வசதியுள்ளவர்கள் குடிவரத் தொடங்கியபின், பழைய குடிகள் ஏறக்குறைய முழுவதும் வெளியேறும்வரை அந்த மாற்றம் நிற்கவில்லை.

சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், இடித்துக் கட்டுவதற்காக வெளியேற்றப்படும் வாடகைதாரருக்குப் புதிய கட்டடத்தில் நியாய வாடகைக்கு இடம் கேட்கும் முதல் உரிமையைத் தருகிறது. பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களும், வழக்கு முடியும்வரை நோயாளிகளை எங்கே வைத்துப் பார்ப்பது என்று எண்ணி விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

நகரின் மறுகோடியில் மருத்துவமே குடியிருப்பை மாற்றுகிறது. 1951இல் மெடிக்கல் காலேஜ், 1970களில் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம், 1981இல் மண்டலப் புற்றுநோய் மையம் என்று உள்ளூர் என்ற பகுதியிலும் குமாரபுரத்திலும் நாடறிந்த நிறுவனங்கள் வளர்ந்தன. நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பக்கத்து நோயாளிகள் இன்றும் இங்கேதான் வருகிறார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் தங்க வேண்டும். அதனால் சுற்றியுள்ள வீடுகள் லாட்ஜாகவும் ஸ்கேன் சென்டராகவும் மாறின. நோயாளியின் துணைக்கு வந்தவர், நர்ஸ், மருத்துவமனை ஊழியர், பயிற்சி மருத்துவர் எல்லாருமே ஒரே அறைக்காகப் போட்டி போடுகிறார்கள். இரவுப்பணி முடித்த ஹவுஸ் சர்ஜன் தூரத்துப் பேயிங் கெஸ்ட் அறைக்குப் பஸ் பிடிக்க நிற்பது எங்களுக்கு வேதனை தருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக்கிடந்தன. முதலீடாக வாங்கிப் பூட்டிவைப்பவர்களில் மருத்துவர்களும் உண்டு. அவர்கள் அந்த வீடுகளைப் பயிற்சி மருத்துவர்களுக்கும் நோயாளிக் குடும்பங்களுக்கும் நியாய வாடகைக்குத் தர வேண்டும் என்று கேட்கிறோம்.

செங்கல்சூளை விஷயத்தில் எங்கள் நிலை உறுதியானது. தலைமைச் செயலகத்துக்குச் செங்கல் சுட்ட இடம் என்று சொல்லப்படும் அந்தக் குடியிருப்பு, செயலகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ராஜாஜி நகர் என்று பெயர் மாற்றியும் ஊர் வாயில் அது செங்கல்சூளைதான். நிலத்தின் விலை ஏறிவிட்டது என்பதற்காக அங்குள்ளவர்களை ஊருக்கு வெளியே அனுப்பக் கூடாது. சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் வேலையையும் பள்ளியையும், வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியையும் ஒரே நாளில் தொலைத்தார்கள். இங்கேயே கரிமடம் குடியிருப்பில் வேறு வழி காட்டப்பட்டிருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வழிவந்த காஸ்ட்ஃபோர்டு நிறுவனம், மாநகராட்சியோடு சேர்ந்து அதே இடத்திலேயே, அங்கிருந்த குடும்பங்களுக்கே வீடு கட்டிக்கொடுத்தது. கட்டி முடிக்க நாளானது உண்மை. ஆனாலும் மக்கள் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

மருத்துவர் பக்கத்துக்கு வருவோம். இன்று எம்.பி.பி.எஸ். முடிப்பவர் முன்னால் இருப்பது ஒரே பாதை: நீட் பி.ஜி. கோச்சிங், எம்.டி., முடிந்தால் டி.எம்., பிறகு பெரிய மருத்துவமனை. ஒரு தெருவில் முப்பது வருடம் இருந்து மூன்று தலைமுறையைப் பார்ப்பதை வீடும் கல்லூரியும் தோல்வியாகக் கருதுகின்றன. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை உலகம் முழுவதும் பாடமாயிற்று. மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பதே அவர் சொன்னது. சந்தைக்கு விடவிட அது இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். வியாசர்பாடியில் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020இல் மறைந்தபோது வடசென்னை அழுதது. அவரைப் போற்றுகிறோம். ஆனால் தியாகத்தை நம்பி ஒரு நகரம் தன் மருத்துவத்தை நடத்த முடியாது. சாதாரண ஆசைகளும் கடன்களும் உள்ள இளம் மருத்துவர் அந்த வேலையை ஏற்கும்படி விதிகள் இருக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. தொலைதூர, கடினமான பகுதிகளில் பணிபுரியும் அரசு மருத்துவர்களுக்கு முதுகலைச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் தரும் வழக்கம் உண்டு. பணியிலுள்ள மருத்துவர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. செங்கல்சூளை போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளையும், வலியதுறை போன்ற கடலோரக் குடியிருப்புகளையும் அந்தக் கடினப் பகுதிகளோடு சேர்க்க வேண்டும். அங்கே ஐந்தாண்டு பணிசெய்பவருக்குக் குடும்ப மருத்துவ மேற்படிப்பில் முன்னுரிமை வேண்டும். புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு வளாகத்திலும் தரைத்தளத்தில் ஒரு கிளினிக்குக்கு மாநகராட்சியே பத்தாண்டு நிலையான வாடகையில் இடம் ஒதுக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் தரநிலைகளை ஏற்கிறோம். ஆனால் பதிவுக்கும் கழிவு அகற்றலுக்கும் ஆகும் செலவை ஒற்றை மருத்துவர் கிளினிக்குகளுக்கு அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும். இல்லையெனில் தரம் உயர்வதற்குள் கிளினிக் மூடப்பட்டுவிடும்.

நிலத்தின் உரிமையாளர்களுக்கு நஷ்டம் வரும் என்ற வாதத்தைக் கேட்டிருக்கிறோம். பொதுப்பணத்தில் போட்ட பாதையும் வடிகாலும்தான் அந்த நிலத்தின் விலையை உயர்த்தின. அந்த உயர்வில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்குக் கேட்பது நியாயமே.

செங்கல்சூளையிலோ சாலைக் கடைத்தெருவிலோ அடுத்த கட்டடத்தை இடிப்பதற்கு முன், அங்கே இருக்கும் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலும், மருத்துவருக்கான இடமும், பணிக்கால ஊக்க மதிப்பெண் விதியும் அரசாணையாக வெளிவர வேண்டும். அதுவரை எங்கள் உறுப்பினர் எவரும் எந்தப் புதுப்பிப்புத் திட்டத்துக்கும் ஆதரவுக் கையெழுத்து இட மாட்டார். மற்ற மருத்துவர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இதே முடிவை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.